வரைபடத்தில் இல்லாத தேர்

இப்படிப்பட்ட குறிப்புகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். சால்வை போர்த்திக்கொண்டு, கை நடுங்குகிற வயதில். எனக்கு முப்பத்திரண்டு வயது. கை நடுங்கவில்லை. அணைக்கட்டு வேலை ஒன்றில் சேருவதற்காகத் தென்காசி நகரசபையின் பொறியியல் பிரிவை விட்டுப் போகிறேன். என் ஒரு மேஜைக்கு நீங்கள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். அதிலிருந்தே நான் பார்த்த வேலையைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

படம் வரைவது, மதிப்பீடு தயாரிப்பது எல்லாம் நீங்கள் படித்து வந்தது. அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஒரே ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுகிறேன். குற்றாலம் ரோட்டில் சிவப்புக் கதவுகளோடு நிற்கும் தீயணைப்பு நிலையத்தைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸுக்கு வருகிறீர்கள். அது அந்த இடத்தில் நிற்பதற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. அந்தத் தப்பை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டதற்காக என் பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியிருக்கிறது. எப்படியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். சொல்கிறவருக்கு ஏற்ற மாதிரி அது மாறும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

எல்.சி.இ. என்ற கட்டடப் பொறியியல் டிப்ளமா முடித்துவிட்டு இலஞ்சியிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வரத் தொடங்கி இரண்டாவது வருஷம். பங்குனி மாதம். நெசவாளர் தெருவில் தீப்பிடித்தது. நான் அடுத்த தெருவில் சாக்கடை அளந்துகொண்டிருந்தேன். டேப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடி, வாளி வரிசையில் நின்றேன். கூரை வீடுகள், உள்ளே நூல் சிட்டங்கள், வெளியே மேல்காற்று. பதினோரு வீடு போனது. ஒருவரும் சாகவில்லை. அதனாலேயே ஊர் சீக்கிரம் மறந்தது.

எனக்கு எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். எப்போது என்ன நடந்தது என்று கேட்டேன். தீயின்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஆனால் நம் ஊரில் நேரம் சொல்ல வேறு சத்தங்கள் இருக்கின்றன. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது முதல் புகை.
பாங்கு முடிவதற்குள் கிணற்றடியில் ஆட்கள்.
பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தபோது நாலாவது கூரை.
திருநெல்வேலித் தீயணைப்பு நிலையத்துக்கு டிரங்கால் கிடைத்தது, அடுத்த மணி அடிக்கையில்.
செங்கோட்டை போகிற பாசஞ்சர் ஊதினபோது எட்டாவது வீடு.
பிற்பகல் அஸர் பாங்குக்குத் தீ தானாக அடங்கியது. எரிய ஒன்றும் இல்லை.
அதற்குப் பிறகு தீயணைப்பு வண்டி வந்தது.

அந்தத் தெருவின் நகரசபை மெம்பரை ஊரே ராவுத்தர் என்றுதான் கூப்பிடும். நாலு தறி வைத்திருந்தார். நாலும் போயிற்று. வண்டி வந்து நின்றதும் ஆட்கள் கோபத்தோடு அதைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் நடுவே புகுந்து சொன்னார்:

"தள்ளுங்கப்பா. வந்த பிள்ளைகளுக்கு டீ போட்டுக் குடுங்க. திருநெல்வேலி அங்கன இருந்தா அவங்க என்ன செய்வாங்க?"

அடுத்த வருஷம் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இடமும் கட்டடமும் நகரசபை கொடுத்தால் வண்டியும் ஆட்களும் தருகிறோம், சம்மதத் தீர்மானம் இந்த நிதியாண்டுக்குள் வர வேண்டும், வராவிட்டால் வரிசையில் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. நகரசபையிடம் பணம் இல்லை. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். இருபது வருஷத் தவணை. அதற்காக வீட்டு வரி உயரும்.

அந்த மூன்று மாதமும் ஊரில் வேறு பேச்சு இல்லை. முடிவெட்டுகிற கடையில், குற்றாலம் பஸ்ஸில், ரேஷன் வரிசையில் எல்லாம் அதே பேச்சு. வேண்டும் என்றால் ஒரு கட்சி, வேண்டாம் என்றால் ஒரு கட்சி. ஒரே வீட்டில் அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். நான் எதிர்ப்புகளை நோட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் பத்தொன்பது. அதில் ஏழு நியாயமானவை என்று பக்கத்தில் குறித்திருந்தேன். உங்களில் யாராவது ஒரு திட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடும்போது முதலில் இதைச் செய்யுங்கள். எதிரில் இருப்பவர் சொல்வதில் எத்தனை நியாயம் என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் என்று வந்தால் நீங்கள் சரியாகக் கேட்கவில்லை.

எதிர்ப்புக்குத் தலைவர் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு மெம்பர். அண்ணாச்சி என்றால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கடையைக் காட்டும். அவருடைய வாதம் நேரானது.

"சாரல் அடிக்கிற ஊருல தீக்கு எதுக்குய்யா பங்களா? ஆம்புலன்ஸும் அதுலயே நிக்குமாம். சீசனுக்கு வாரவன் அருவியில வழுக்கி விழுதான். அவன் விழுததுக்குத் தென்காசிக்காரன் இருவது வருசம் வட்டி கட்டணுமா? இன்னைக்குப் பொறக்காத பிள்ளைக்கு இப்பவே கடன எழுதி வைக்கியே, இது என்ன நியாயம்?"

ராவுத்தரின் எதிர்ப்பு வேறு. அவர் சத்தம் போடவில்லை. "எனக்கு வண்டி வேணும். யாருக்கும் என்னைவிட வேணும்னு சொல்ல முடியாது. ஆனா வட்டிக்கு நான் கை தூக்க மாட்டேன். எங்க மார்க்கத்துல அது இல்லை" என்று மட்டும் சொல்வார். அதற்குமேல் யாரும் அவரிடம் பேச முடியாது.

ஓட்டெடுப்புக்கு முன்னால் வரி கட்டுகிறவர்களுக்காகப் பள்ளிக்கூட ஹாலில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூட்டம் போட்டார்கள். எங்கள் இன்ஜினியர் விளக்கம் சொல்வார். படத்தை மாட்டிவிட்டு நான் ஓரமாக நிற்க வேண்டும். நான் மட்டுமே பெண் ஊழியர் என்பதால் எனக்கு எங்கே நாற்காலி போடுவது என்று பியூனுக்குத் தெரியவில்லை. கடைசியில் நாற்காலியே போடவில்லை. நின்றதும் நல்லதுக்குத்தான்.

நான் தேர்ந்தெடுத்த இடம் மேல ரத வீதியில் ஒரு மனை. ஊரிலேயே அகலமான வீதி, கடைத்தெருவுக்குப் பக்கம், குழாய்த் தண்ணீர் பக்கம். காலி மனைகளைப் பட்டியல் போட்டு, ஒன்பது அம்சங்களுக்கு மதிப்பெண் கொடுத்து, கூட்டிப் பார்த்து முதலில் வந்த மனை. விலை கொடுத்து வாங்க வேண்டும். கடனில் பெரிய பங்கு அதற்குத்தான். மனைக்காரருக்குச் சேர்மன் வாக்குக் கொடுத்திருந்தார்.

இன்ஜினியர் பேசி முடித்ததும் அண்ணாச்சி எழுந்தார். படத்துக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி கலரெல்லாம் போட்டு அம்சமா இருக்கு. யாரு வரைஞ்சது?"

இன்ஜினியர் என்னைக் காட்டினார்.

"இலஞ்சிப் பிள்ளைலா. சைக்கிள்ல வருமே. சரி தாயி, ஒண்ணு கேக்கேன். இந்த வாசல் மேல ரத வீதியப் பாத்து இருக்கு. தேரோட்டத்தன்னைக்கு உச்சி வெயிலு வந்ததும் வடத்தப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிருவோம். அப்ப தேரு எங்கன நிக்கும்?"

"வீதியில் நிற்கும் அண்ணாச்சி."

"வீதியிலதான். எந்த இடத்துல?"

எனக்குத் தெரியும். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆறு வயதிலிருந்து வடம் பிடித்தவள் நான். மேல ரத வீதியில் மதியத்துக்குத் தேர் நிற்கிற இடம் எது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் அந்த நிமிஷம் வரை, நான் படித்த மண்டையும் வடம் பிடித்த கையும் ஒன்றோடொன்று பேசியதே இல்லை.

"இந்த வாசலுக்கு எதிரே" என்றேன்.

"அப்ப தீப்பிடிச்சா வண்டி என்ன செய்யும்? தேரத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டுப் போவுமா?"

ஹால் சிரித்தது. நான் இங்கேதான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதல் தப்பைவிட மோசமானது.

"வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள்தானே அண்ணாச்சி" என்றேன்.

"ஓஹோ. அந்த மூணு நாளும் தீ லீவு போட்டுருமோ?"

இப்போது சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. தேர் நாளில்தான் பந்தல், தேர் நாளில்தான் தெருவெல்லாம் அடுப்பு, கற்பூரம், சுற்றுவட்டத்து ஜனம். ஒரு வருஷத்தில் வண்டி அவசியம் புறப்பட வேண்டிய நாட்களைப் பட்டியல் போட்டால் முதலில் வருவது அந்த நாட்கள்தான். என் ஒன்பது அம்சங்களில் அது இல்லை. ஏனென்றால் வரைபடத்தில் நாம் அசையாத பொருள்களை மட்டுமே குறிக்கிறோம். கிணறு, கம்பம், சாக்கடை, சுவர். தேர் அசையும். அசைகிற பொருளுக்குக் குறி கிடையாது. குறி இல்லாததை நான் பார்க்கவில்லை. பக்கத்து இலஞ்சியில் பிறந்து, இந்த ஊர் வடத்தைப் பிடித்து வளர்ந்து, இந்த ஊரின் தேரை மறந்து ஒரு படம் வரைய, நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

இன்ஜினியர் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்: "பரிசீலனையில் இருக்குன்னு சொல்லிட்டு நகர்ந்துடும்மா."

எனக்கு அரை நிமிஷம் இருந்தது. அந்த அரை நிமிஷத்தில் மனதுக்குள் ஓடியதை அன்று மாலையே நோட்டில் எழுதிவிட்டேன். அதனால் இப்போது சரியாகச் சொல்ல முடிகிறது.

ஒன்று. பரிசீலனையில் இருக்கிறது என்றால் பொய். நான் பரிசீலிக்கவில்லை.
இரண்டு. பொய் என்று அண்ணாச்சிக்குத் தெரியும்.
மூன்று. அவருக்குத் தெரியாவிட்டாலும், வாசல் அங்கே வந்த பிறகு தேர் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்துவிடும்.
நான்கு. உண்மையைச் சொன்னால் கடன் தீர்மானம் தோற்கலாம். வண்டி வேறு ஊருக்குப் போகும். நெசவாளர் தெரு அப்படியே இருக்கும்.
ஐந்து. என் வேலை தற்காலிகம்.

நாலாவதில்தான் நின்றேன். ஐந்தாவதில் நின்றதாக நீங்கள் நினைத்தால் எனக்கு வருத்தம். தப்பான படத்தைக் காட்டிக் கடனை வாங்கிக் கொடுத்தால் நெசவாளர் தெருவுக்கு ஒரு வண்டி கிடைக்கும். முந்நூற்று அறுபத்திரண்டு நாள் புறப்படுகிற வண்டி. அதுவும் வண்டிதானே? அப்படித்தான் இன்ஜினியர் நினைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த நிலையம் வர வேண்டும் என்று என்னளவுக்கு ஆசைப்பட்டவர்.

நான் படத்தின் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "இந்த இடம் தப்பு. பட்டியல் போட்டதும் நான், வரைந்ததும் நான். தேரை நான் யோசிக்கவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஊழியர் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. அண்ணாச்சி ஹாலின் பக்கம் திரும்பினார். பிறகு கையை விரித்து, "அவ்வளவுதான். சர்க்காரே ஒத்துக்கிட்டாச்சு. கடனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார். பின்வரிசையிலிருந்து கை தட்டினார்கள். ராவுத்தர் மட்டும் தட்டவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை இன்ஜினியர் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரே வரி. ஒரு வரி மழுப்பியிருந்தா முடிஞ்சிருக்கும். கடன் பாஸாகட்டும், வாசலை அப்புறம் திருப்பிக்கலாம்னு இருந்தேன்."

"திருப்ப முடியாது சார். பின்னால் சந்து. வண்டி நுழையாது."

"அதையும் அங்கேயே சொல்லியிருப்பியா?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் சார். கடன் வாங்கிக் கட்டி முடித்த பிறகு தேர் வந்து வாசலை மறித்து நின்றால், அதற்கப்புறம் இந்த ஊர் ஒரு கக்கூஸ் கட்டக்கூடக் கடனுக்குக் கை தூக்காது."

அவர் பேனாவை மூடினார். "மெமோ வரும். சேர்மன் கோபமா இருக்கார். ஓட்டெடுப்புக்கு ஒன்பது நாள் இருக்கு. அன்னிக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றார். பிறகு, நான் கதவுக்குப் போனபோது, "வேற இடம் இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றுதான் நினைத்தேன். என் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது மனைகளும் ரத வீதிகளில்தான் இருந்தன. அன்று சாயங்காலம் சுடலையைத் தேடிப் போனேன். சுடலை என்னோடு இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிற, நிறுத்துகிற ஆட்களில் ஒருவன். கால் ஒரு விரல்கட்டை தப்பினால் போயிற்று. அப்படிப்பட்ட வேலை.

"ஏட்டி, ஊரே உன்னப் பத்திதான் பேசுது" என்றான். "தேர மறந்த இஞ்சினியரம்மான்னு."

"பேசட்டும். தேர் நிற்கிற இடமெல்லாம் எனக்குக் காட்டு."

"எதுக்கு? மறுபடி மறக்கவா?"

நாலு வீதியும் நடந்தோம். நான் டேப் பிடிக்க, அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் கேலி செய்தான். தேர் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. வலது சக்கரம் இறங்குகிற பள்ளம், மூலை திரும்பும் முன் மூச்சு வாங்குகிற இடம், மதியத்துக்கு நிழல் விழுகிற இடம் என்று மொத்தம் ஆறு. அவன் எல்லாவற்றையும் காலால் மிதித்துக் காட்டினான். எந்தக் காகிதத்திலும் அது இல்லை. ஆபீஸுக்கு வந்து குறித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. தேர் ஒரு நேரத்தில் ஒரு வீதியைத்தான் அடைக்க முடியும். வெளியே இருந்து வருகிற வண்டிக்கு மற்ற மூன்று வீதியும் திறந்திருக்கும். வீதிக்கு உள்ளேயே குடியிருக்கிற வண்டிக்குத்தான் வழி இல்லை. நிலையம் ரத வீதிகளுக்கு வெளியே இருக்க வேண்டும்.

வெளியே, குற்றாலம் ரோட்டில், நகரசபைக்குச் சொந்தமாகவே ஒரு இடம் இருந்தது. மாட்டுப் பவுண்டு. ஊர் மேய்கிற மாடுகளைப் பிடித்து அபராதம் கட்டும் வரை அடைத்து வைக்கிற தொழுவம். அதை நான் ஏன் முதலிலேயே பார்க்கவில்லை தெரியுமா? என் பட்டியலுக்கு நான் வைத்த தலைப்பு 'காலி மனைகள்'. பவுண்டு காலி இல்லை, உள்ளே மாடு இருந்தது. பட்டியல் போடுகிறவள் நான், சொல்கிறேன். பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு விடாதீர்கள். தலைப்பைப் பாருங்கள். தலைப்புதான் முதலில் ஆளைக் கவிழ்க்கும்.

பவுண்டுக்கு விலை கிடையாது. மனை வாங்குகிற தொகை முழுவதும் கடனிலிருந்து கழிந்தது. புதுப் படத்தில் தேர் நிற்கிற ஆறு இடங்களையும் குறித்தேன். குறி இல்லையே என்றால் நானே ஒன்று வைத்தேன். ஒரு வட்டம், அதற்குள் நாலு சக்கரப் புள்ளி, போகிற திசைக்கு ஒரு கோடு.

மெமோ வந்தது. பொதுக்கூட்டத்தில் அலுவலகக் கருத்துக்கு மாறாகப் பேசியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. அடியில், நகரசபைக் கூட்டத்தில் நான் பேசக்கூடாது என்றும் இருந்தது. விளக்கமாக ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "படம் தப்பாக இருந்தது, தப்பு என்று சொன்னேன்."

ஓட்டெடுப்பு நாள் புதன்கிழமை, பிற்பகல். ஊரே கணக்குப் போட்டு வைத்திருந்தது. ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்பது. ஒன்பதில் ராவுத்தர் ஒருவர். சமமாக வந்தால் மட்டும் சேர்மனுக்கு முடிவு செய்யும் ஓட்டு. ஆகவே தீர்மானம் ஒரு ஓட்டில் தோற்கும். வண்டி எந்த ஊருக்குப் போகும் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

நகரசபைக் கூட்ட அறையின் சுவரில் இன்ஜினியர் தன் கையாலேயே புதுப் படத்தை மாட்டினார். சேர்மனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இடம் மாறியதைப் பற்றி நாலு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார். பவுண்டு என்றதும் சேர்மன் முகம் போன போக்கை நான் எழுதவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். "எனக்கு இவரு பேச்சு வேண்டாம். வரைஞ்ச பிள்ளைய எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"அவங்க பேச அனுமதி இல்லை" என்றார் சேர்மன்.

"அன்னைக்கு மட்டும் பேசிச்சு? மெம்பர் கேள்வி கேட்டா ஊழியர் பதில் சொல்லணும். விதி உண்டா இல்லியா? இல்லேன்னு எழுதிக் குடுங்க, நான் உக்காந்துக்கிடுதேன்."

எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. என்னைத் தன் சாட்சியாகத்தான் அவர் கூப்பிட்டார். தப்பு என்று ஒருமுறை சொன்னவள் இன்னொரு முறை சொன்னால் கடன் அதோடு செத்தது.

"தாயி, போன படம் தப்புன்னு சொன்னியே. அது உண்மதானே?"

"உண்மைதான் அண்ணாச்சி."

"இந்தப் படத்துல தப்பு இல்லேன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த தப்பு இதில் இல்லை. இதிலும் ஏதாவது தெரிந்தால் உங்களிடம்தான் முதலில் வந்து சொல்வேன்."

"அப்ப கடன் வாங்கலாமா வேண்டாமா? நீயே சொல்லு."

சேர்மன் மணியைத் தட்டினார். நான் நிற்கவில்லை.

"அது உங்கள் ஓட்டு அண்ணாச்சி. நான் வரைகிறவள். எனக்குத் தெரிந்தது இது மட்டும்தான்" என்று நோட்டைப் பிரித்து அந்தப் பங்குனி நாளின் பட்டியலை வாசித்தேன். முதல் புகையிலிருந்து வண்டி வந்தது வரை. ஏழு வரிதான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அஸர் பாங்குக்குத் தீ தானாக அடங்கியது, எரிய ஒன்றும் இல்லை என்ற இடத்தில் ராவுத்தர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி படத்தைத் திரும்பிப் பார்த்தார். "மனசு சங்கடமாத்தான் இருக்கு" என்றார். "பவுண்டு நல்ல யோசன. அதையும் சொல்லுதேன். ஆனா கடன் கடன்தான். நான் எதுத்துத்தான் போடுவேன்." உட்கார்ந்துவிட்டார். அவரை நான் மதிப்பது அதற்காகத்தான்.

சேர்மன் ஓட்டுக்கு விடப்போகிற நேரம். ராவுத்தர் எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார்.

"எனக்கு அஸருக்கு நேரமாச்சு சேர்மன். உத்தரவு கொடுங்க."

அவர் ஒருநாளும் கூட்டம் முடியாமல் எழுந்து போனதில்லை. தொழுகை நேரம் வந்தால் கூட்டத்தை நிறுத்தச் சொல்வார், தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்தில் பிடிப்பார். அண்ணாச்சிக்குத்தான் முதலில் புரிந்தது.

"ஓய் ராவுத்தரே, இன்னும் பாங்கே சொல்லலியே."

"சொல்லுவாங்க அண்ணாச்சி. நடந்து போய்ச் சேரணும்லா."

பள்ளிவாசல், தெருவுக்கு அந்தப் பக்கம்தான். ஜன்னலிலிருந்து தெரியும். அவர் மெல்ல, ஒவ்வொரு படியாக இறங்கி, தெருவைக் கடந்து போனதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வட்டிக்கு அவர் கை தூக்கவில்லை. எதிர்த்தும் தூக்கவில்லை.

எட்டுக்கு எட்டு. சேர்மன் படத்தைப் பார்த்தார், பவுண்டைப் பார்த்தார், கடைசியில் கல்வெட்டில் வரப்போகும் தன் பெயரைப் பார்த்திருப்பார். தீர்மானம் நிறைவேறியது.

அஸ்திவாரம் தோண்டிய நாளில் நெசவாளர் தெருவிலிருந்து இருபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். கூலி வேண்டாம் என்றார்கள். "இது வட்டி இல்லாத பங்கு, எழுதிக்கோங்க" என்றார் ராவுத்தர். நான் எழுதிக்கொண்டேன்.

கட்டடம் திறந்த பிறகு வந்த முதல் தேரோட்டத்தில் வேண்டுமென்றே வாட்ச்சோடு மேல ரத வீதியில் நின்றேன். உச்சி வெயிலுக்கு, சுடலை மிதித்துக் காட்டிய அதே இடத்தில் தேர் நின்றது. வடத்தைப் போட்டுவிட்டு ஜனம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் குற்றாலம் ரோட்டுப் பக்கம் மணிச் சத்தம். அருவியில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது, ஆம்புலன்ஸ் புறப்படுகிற சத்தமும் கேட்டது. தேர்ச் சக்கரத்து நிழலில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி தலையைத் தூக்கினார்.

"பவுண்டுலேருந்து காளை கெளம்பிட்டு போலுக்கே. என்ன தாயி, நேரம் குறிச்சாச்சா?"

"குறிச்சாச்சு அண்ணாச்சி."

"எத்தன நிமிசம்?"

"மணி அடித்து இரண்டு நிமிஷத்துக்குள் கிளம்பிவிட்டது."

இன்னொரு உருண்டை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு ஓட்டுப் போடச் சொன்னாலும் நான் எதுத்துத்தான் போடுவேன்."

"தெரியும் அண்ணாச்சி. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்."

என் பதிவேட்டில் 'அலுவலகக் கருத்துக்கு மாறாகப் பேசினார்' என்ற வரி இருக்கிறது. அதை நீக்க மனு போடச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள். இன்ஜினியரே ஒருமுறை சொன்னார். நான் போடவில்லை. நடந்தது அதுதான், எழுதியிருப்பதும் அதுதான். புதிய இடத்தில் அதைக் காட்டித்தான் சேரப்போகிறேன்.

இனி உங்களுக்கு ஒரே ஒரு வேலை விட்டுப் போகிறேன். நகர வரைபடத்தின் மூலத்தாள் இரும்புப் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. அதில் ரத வீதிகளில் ஆறு வட்டங்கள் இருக்கும். மேலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் சிவப்புப் பென்சிலால் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகிறார்கள்: 'அங்கீகரிக்கப்பட்ட குறி அல்ல. நீக்கவும்.' மூன்று முறை எழுதியாகிவிட்டது. நான் சிவப்புப் பென்சிலை மட்டும் ரப்பரால் அழித்து வைத்தேன்.

நான்காவது முறை வருவார்கள். ரப்பர் இடது இழுப்பறையில் இருக்கிறது.